பிரிக்காமல் கண்டுபிடிக்கும் கை

பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தயாரித்த பழைய ஹெரால்டு கார், ஐப்பசி கார்த்திகை மழைக்கு சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு ஷெட்டில் கிடந்துவிட்டு, தை பிறந்து கிளப்பினால் ஜி.எஸ்.டி. சாலை ஏறுமுன் அணைகிறதா? இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. பிரிக்காமல் கண்டுபிடிப்பதுதான் மெக்கானிக்கின் கைநேர்த்தி. சும்மா நின்ற நாட்களில் முதலில் கெடுவது பெட்ரோல். அதில் கலந்த எத்தனால் ஈரத்தை இழுத்து, தண்ணீரோடு பிரிந்து டேங்க் அடியில் தங்கும். கார்புரேட்டரில் ஆவியானதன் மிச்சம் பிசினாகி ஜெட்டை அடைக்கும். சோக்கை இழுத்தால் ஓடி, விட்டால் நின்றால் அடைப்பென்றே சந்தேகிக்கலாம். சூடேறிய இக்னிஷன் காயிலும் கண்டென்சரும் இப்படி நிறுத்துமே என்பது நியாயமான கேள்வி. அணைந்த கையோடு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: பளிச்சென்று நீலப் பொறி வந்தால் கோளாறு பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். ஜெட்டைக் கம்பியால் மட்டும் குத்தக் கூடாது. பித்தளைத் துளை பெரிதானால் வண்டி பெட்ரோல் குடிக்கும். கழுவிக் காற்றடித்தால் போதும்.