கவசத்துக்கு வெளியே ஓர் இருக்கை

போன வாரம் பழைய லேப்டாப்பில் ‘இல்-2 ஸ்டர்மோவிக்: 1946’ கேமை மறுபடி போட்டேன். 2006 கடைசியில் வந்தது. ஒலெக் மேடாக்ஸ் குழு 2001இல் தொடங்கிய போர்விமான சிமுலேட்டர் வரிசையின் பெரிய தொகுப்பு இது. அதற்கு முந்தைய பாகங்கள் நடந்த போரை நடந்தபடியே காட்ட மெனக்கெட்டவை. இதில் மட்டும் ஒரு ‘ஒருவேளை’ சேர்ந்தது. ஐரோப்பாவில் போர் 1945 மே மாதத்தோடு முடியாமல் 1946 வரை இழுத்திருந்தால்? காகிதத்தோடு நின்றுபோன விமானங்கள் பறந்திருந்தால்?

அப்படிப் பறக்கவிடப்பட்ட ஒன்றுதான் ஹைங்கல் லெர்ஷே. லெர்ஷே என்றால் ஜெர்மனில் வானம்பாடி. 1944-45இல் ஹைங்கல் கம்பெனி வரைந்துபார்த்த விமானம். சண்டை விமானமாகவும், தரையைத் தாக்கும் விமானமாகவும் பயன்பட வேண்டும் என்பது யோசனை. ஓடுபாதை வேண்டாம், வாலை ஊன்றி ராக்கெட் மாதிரி நிமிர்ந்து நிற்கும், அப்படியே மேலே எழும், பிறகு சாய்ந்து மற்ற விமானங்கள் போலப் பறக்கும். இறக்கை உடம்பைச் சுற்றி ஒரு வளையம். வளையத்துக்குள்ளே எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சுழலிகள். அவற்றை ஓட்ட இரண்டு டைம்லர்-பென்ஸ் இன்ஜின்கள். விமானி மூக்குப் பகுதியில் குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கும் வாய் பிளந்தது. அதை மறைக்கவில்லை. இந்த வளைய இறக்கை விமானத்தை எழுப்பி, சாய்த்து, பறக்கவைத்துப் பார்ப்பது வேறெங்கும் கிடைக்காத அனுபவம். இறக்குவது இன்னும் பெரிய பாடு. தரை முதுகுப் பக்கம் இருக்கிறது, முகம் வானத்தைப் பார்க்கிறது. குத்துமதிப்பாக இறக்கி நான் உடைத்த விமானங்களுக்குக் கணக்கே இல்லை. இந்த மட்டில் கேம் நேர்மையாகத்தான் இருக்கிறது.

என் குறை வேறு. லெர்ஷேயை ஓட்டிவிட்டு, கேமுக்கே பெயர் தந்த இல்-2இல் ஏறினால் வித்தியாசம் உடனே தெரியும்.

இல்-2 சோவியத்தின் தரைத் தாக்குதல் விமானம். 36,000க்கும் மேல் செய்தார்கள். இன்ஜின், ரேடியேட்டர், விமானி எல்லாமே சுமார் 700 கிலோ எடையுள்ள எஃகுத் தொட்டிக்குள். அந்தத் தொட்டிதான் முன்பகுதியின் எலும்புக்கூடும்கூட. அலுமினியம் தட்டுப்பட்டபோது பின்னுடலையும் வெளி இறக்கைகளையும் மரத்தில் செய்தார்கள். இலியூஷின் 1939இல் பறக்கவிட்ட முதல் மாதிரியில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. உற்பத்திக்குப் போனது ஒற்றை இருக்கை விமானம். 1941இல் ஜெர்மன் சண்டை விமானங்கள் பின்னாலிருந்து வந்து சுட்டுத் தள்ளின. ஆகவே 1942 கடைசியில் பின்னால் சுடும் துப்பாக்கிக்காரர் திரும்பி வந்தார். ஆனால் எஃகுத் தொட்டி ஒருவருக்கென்றே வார்த்தது. அதை மாற்றினால் உற்பத்தி நின்றுவிடும். அதனால் அவரைத் தொட்டிக்கு வெளியே, கித்தான் பட்டை ஒன்றில் உட்கார வைத்தார்கள். முன்னால் இருப்பவருக்குக் கவசம் உண்டு, பின்னால் இருப்பவருக்குக் கிட்டத்தட்ட இல்லை.

எப்படி ஒரு முடிவு பாருங்கள்! யாரோ ஒரு பொறியாளர் மேஜையில் உட்கார்ந்து, உற்பத்தியின் வேகத்தையும் ஒரு மனிதரின் உயிரையும் தராசில் வைத்து எடுத்த முடிவு. இல்-2ஐப் பார்த்தால் சோவியத்தின் மொத்தப் போரும் அதில் தெரியும். அலுமினியம் இல்லாதது, அவசரம், பயம், ஆள்பலம் எல்லாம்.

எதிர்த்தரப்பிலும் இதே கதைதான். ஹென்ஷல் 129 என்ற ஜெர்மன் தரைத் தாக்குதல் விமானத்தின் காக்பிட் அவ்வளவு குறுகல். குறிபார்க்கும் கருவியைக் கண்ணாடிக்கு வெளியே மாட்டினார்கள். இன்ஜின் மீட்டர்கள் சிலவற்றை இன்ஜின் கூட்டின் பக்கவாட்டிலேயே வைத்துவிட்டார்கள். விமானி தலையைத் திருப்பி ஜன்னல் வழியே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். முதலில் போட்ட ஜெர்மன் இன்ஜினுக்குச் சக்தி போதவில்லை என்று, பிடித்துவைத்திருந்த பிரான்ஸின் நோம்-ரோன் இன்ஜின்களைப் போட்டார்கள்.

இப்போது லெர்ஷேக்கு வருவோம். அதில் இப்படி ஒட்டுப்போட்ட இடம் எங்கே? தேடிப் பார்த்தேன், இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கேம் அந்தச் சுரைக்காயைக் கறியாகச் சமைத்தே பரிமாறிவிடுகிறது. எரிபொருள் இருக்கிறது, இன்ஜின் சரியாக ஓடுகிறது, குண்டு இருக்கிறது.

நிஜத்தில் என்ன இருந்தது? 1944 மே மாதம் நேச நாடுகள் ஜெர்மனியின் செயற்கை எரிபொருள் ஆலைகளை அடிக்க ஆரம்பித்தன. அந்த ஆலைகள் ஏப்ரலில் தந்த விமானப் பெட்ரோல் 1,75,000 டன். செப்டம்பரில் 5,000 டன். ஓடுபாதை இல்லாமல் எழும்பும் விமானம் வந்திருந்தாலும் அதற்கு ஊற்ற எதுவும் இருந்திருக்காது.

தரைத் தாக்குதலுக்காவது தோதாக இருந்திருக்குமா? தரையைத் தாக்குபவர் தாழ்வாகப் பறக்க வேண்டும். கீழே இருக்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் அவரை நோக்கித் திரும்பும். லெர்ஷேயின் இன்ஜின்கள் திரவத்தால் குளிர்விக்கப்படுபவை. ஒரு தோட்டா ரேடியேட்டரில் பட்டால் போச்சு. சாதாரண விமானம் என்றால் ஒரு இன்ஜினோடு தடுமாறியாவது வயலில் இறங்கலாம். நிமிர்ந்து இறங்கும் விமானத்தின் மொத்த எடையையும் சுழலிகள்தான் தாங்க வேண்டும். ஒன்று நின்றால் இன்னொன்றால் அது முடிகிற காரியமா?

இதெல்லாம் என் ஊகம் என்று தள்ளிவிட வேண்டாம். இதே ‘ஒருவேளை’யை அமைதிக் காலத்தில் செய்து பார்த்தவர்கள் உண்டு. பிரான்ஸின் ஸ்னெக்மா கம்பெனி வளைய இறக்கையோடு வால் ஊன்றி நிற்கும் ஜெட் ஒன்றைக் கட்டியது. பெயர் கொலியோப்டேர். 1959 ஜூலை 25 அன்று, ஒன்பதாவது பறப்பில், நிமிர்ந்த நிலையிலிருந்து சாய முயன்றபோது கட்டுப்பாடு இழந்து விழுந்து நொறுங்கியது. விமானி இருக்கையோடு வெளியே குதித்துப் பலத்த காயத்தோடு தப்பினார். குண்டுவீச்சு இல்லை, தட்டுப்பாடு இல்லை, போருக்குப் பிறகு 14 வருடம் கூடுதல் அவகாசம். அதற்கே இந்தக் கதி.

“கேம்தானேப்பா, விடு” என்று நண்பர் சொன்னார். விட்டிருப்பேன். ஒரு விஷயம் விடவில்லை.

அதே ஹைங்கல் கம்பெனியின் இன்னொரு விமானம், 162, உண்மையிலேயே பறந்தது. கேமிலும் உண்டு. 1944 செப்டம்பரில் யோசனை, டிசம்பர் 6இல் முதல் பறப்பு. நான்கு நாளில் மாதிரி விமானத்தின் மர இறக்கை பறக்கும்போதே பிய்ந்து விமானி இறந்தார். நல்ல பசை செய்த ஆலை குண்டுவீச்சில் போயிருந்தது. மாற்றுப் பசை மரத்தையே அரித்தது. அந்த விமானத்தின் உடல்பகுதிகளைச் செய்த இடங்களில் ஒன்று, வியன்னா அருகே ஹின்டர்புரூல் என்ற ஊரின் நிலத்தடிச் சுரங்கம். வேலை செய்தவர்கள் மௌட்ஹவுசன் வதைமுகாமின் கைதிகள்.

1946 வரை போர் நீண்டிருந்தால் லெர்ஷேயைக் கட்டியிருக்கப்போவதும் இதே மாதிரி கைகள்தான். ‘அதிசய ஆயுதம்’ என்ற அந்தக் காலப் பிரச்சாரம் மறைத்ததும் அந்தக் கைகளைத்தான். பளபளக்கும் பெயின்டோடு, குறையில்லாத இன்ஜினோடு லெர்ஷேயை நம்மிடம் தரும்போது கேமும், தெரியாமலேதான், அதே மறைப்பைச் செய்கிறது.

கற்பனை வரலாறே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதே தொகுப்பில் இல்-10 இருக்கிறது. இல்-2க்கு அடுத்து வந்தது. 1944இல் உற்பத்திக்குப் போனது. அதில்தான் துப்பாக்கிக்காரரைக் கவசத்துக்குள்ளே கொண்டுவந்தார்கள். அந்த ஒரு இருக்கை சில அடி முன்னால் நகர இரண்டு வருடம் ஆயிற்று. லெர்ஷேயின் மொத்த வளையத்தையும்விட எனக்கு இது பெரிய செய்தியாகப் படுகிறது.

இல்லாத விமானம் ஒன்றை வடிவமைக்கும் மோடர்கள் இப்போது நிறைய. அவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். வேகம், பீரங்கி எல்லாம் இருக்கட்டும். உங்கள் நாட்டில் அன்றைக்கு எது தட்டுப்பாடு? அதற்குப் பதிலாக எதைப் போட்டீர்கள்? அதனால் யார் கவசத்துக்கு வெளியே உட்கார்ந்தார்? இதற்குப் பதில் இருந்தால், ஒரு நாளும் பறக்காத விமானத்தையும் நான் நம்புவேன்.

நேற்று ராத்திரி மிஷன் பில்டரில் லெர்ஷேயின் எரிபொருளைக் குறைத்து வைத்து ஓட்டினேன். எழும்பினேன், சாய்த்தேன், ஒரு லாரியைக் கூட எட்டவில்லை. அந்த ஒரு தடவைதான் எனக்கு 1946 நிஜமாகத் தெரிந்தது.