புகழுக்கு முன்னும் பின்னும்: இளைஞர் இசைக்குழுவினர் குறித்த மூன்று ஆவணப்படங்கள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகை இன்று அச்சு நூலோடு நின்றுவிடவில்லை. ஆவணப்படமும் அவ்வகையின் ஒரு கிளையாக வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள ஒர்லாண்டோ நகரில் 1990களில் உருவான பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், என்சிங்க் ஆகிய இரண்டு இளைஞர் இசைக்குழுக்களைப் பற்றி 2015, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று ஆவணப்படங்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. மேடைப் பாடகர்களின் கதை தமிழாய்வு இதழுக்கு எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். வாழ்க்கை வரலாற்றைப் பாடமாகப் பயில்வோரும் பயிற்றுவோரும், ஒருவரது வாழ்க்கை எவ்வாறு கதையாக்கப்படுகிறது என்பதை அறிவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது என்பதே அதற்கு விடை.

இத்தகைய கதைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைகின்றன. எளிய பிறப்பு, திடீர்ப் புகழ், செருக்கு, வீழ்ச்சி, மீட்சி என்பது அவ்வார்ப்பு. இதில் புகழே எல்லாத் தீமைக்கும் வினைமுதலாக நிறுத்தப்படுகிறது. இக்கதையை மாணவர்க்கு அறவுரையாக மாற்றிவிடுதல் மிக எளிது. ஆனால் இவ்விளைஞர்களின் வாழ்க்கைச் செய்திகளை ஊன்றி நோக்குங்கால் வேறொன்று புலனாகிறது. அவர்கள் வாழ்வை இரண்டாக வகுத்த கோடு, புகழ் வந்த நாளில் விழுந்தது அன்று; புகழ் வருவதற்கு வெகுமுன்னரே, ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட நாளில் விழுந்தது. தீங்கிற்குப் புகழைப் பொறுப்பாக்கும் கதை, ஒப்பந்தத்தை எழுதியவரைத் தப்பவிட்டுக் கையொப்பமிட்டவரைக் குற்றவாளியாக்குகிறது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

புகழுக்கு முன்: உழைப்பின் காலம்

'புகழுக்கு முன்' என்றவுடன் அறியாப் பருவம் ஒன்றையே நம் மனம் கற்பனை செய்துகொள்கிறது. உண்மை அவ்வாறில்லை. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் குழுவின் மூத்தவரான கெவின் ரிச்சர்ட்சன் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்தவர். 1991இல் தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஒர்லாண்டோவின் டிஸ்னி வேர்ல்டு பூங்காவில் அலாடின் வேடமும் நிஞ்சா ஆமை வேடமும் புனைந்து ஊதியம் பெற்றவர். ஹோவி டோரோ, ஏ.ஜே. மெக்லீன், நிக் கார்ட்டர் ஆகிய மூவரும் அந்நகரில் நடைபெற்ற நடிப்பு, பாடல் தேர்வுகளில் அடிக்கடி சந்தித்துக்கொண்டவர்கள். கெவினின் உறவினரான பிரையன் லிட்ரெல் லெக்சிங்டன் நகரில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அழைப்பால் வரவழைக்கப்பட்டுக் குழுவில் இணைந்தவர். 1993 ஏப்ரலில் குழு முழுமை பெற்றபோது கெவினுக்கு 21 வயது. நிக்குக்கோ 13 வயதுதான் ஆகியிருந்தது.

அடுத்த மாதமே ஒர்லாண்டோவின் சீவேர்ல்டு பூங்காவில் குழுவின் முதல் நிகழ்ச்சி அரங்கேறியது. அதன்பின் பள்ளிகளிலும் வணிக வளாகங்களிலும் பாடித் திரிந்தனர். தாய்நாடு அவர்களை உடனே ஏற்கவில்லை. 1995, 1996ஆம் ஆண்டுகளில் ஜெர்மனி முதலான ஐரோப்பிய நாடுகளே அவர்களைக் கொண்டாடின. அமெரிக்காவில் அவர்களது முதல் தொகுப்பு 1997 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. எனவே 'திடீர்ப் புகழ்' என்னும் தொடர் இவர்களுக்குப் பொருந்தாது. நான்காண்டுக் கடும் உழைப்பை அத்தொடர் விழுங்கிவிடுகிறது.

குழுவின் பெயரும் ஆய்விற்குரியது. பேக்ஸ்ட்ரீட் என்பது ஒர்லாண்டோவில் இயங்கிய ஒரு சந்தையின் பெயர். 'பாய்ஸ்' என்பது சிறுவர் எனப் பொருள்படும். 21 வயதுடைய ஒருவரையும் 13 வயதுடைய ஒருவரையும் ஒரே சொல்லால் சுட்டும் இப்பெயர், மூத்தவரை இளமையில் நிறுத்திவைக்கிறது. இளையவரை உரிய காலத்திற்கு முன்பே தொழிலாளராக்குகிறது. இச்சொல்லைத் தமிழில் 'இளைஞர்' என்று பெயர்த்தால் அந்த முரண் மறைந்துபோகிறது. பொருத்தமான வேறு சொல் கிட்டாமையால் இக்கட்டுரையிலும் அதனையே ஆள வேண்டியுள்ளது.

ஆறாவது உறுப்பினர்

இக்குழுவை உருவாக்கியவர் லூ பேர்ல்மன். விளம்பர வான்கப்பல், வாடகை விமானம் ஆகிய தொழில்களில் ஈடுபட்டிருந்தவர். நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக் என்னும் குழு தம்மிடம் விமானத்தை வாடகைக்கு எடுக்கும் அளவிற்குப் பொருளீட்டுவதைக் கண்டு வியந்தவர். 1992இல் நாளிதழ் விளம்பரம் வாயிலாக இளைஞர்களைத் தேடினார். பின்னர், போட்டிக் குழு ஒன்று எப்படியும் தோன்றவே செய்யும், அதுவும் தம்முடையதாகவே இருக்கட்டும் என்று கருதி 1995இல் உருவான என்சிங்க் குழுவிற்கும் பொருளுதவி செய்தார். முதற்குழுவினர் இதனை நெடுநாள் அறியாதிருந்தனர்.

ஒப்பந்தங்களின்படி அவர் மேலாளர், தயாரிப்பாளர் ஆகிய நிலைகளில் பங்கு பெற்றதோடு, குழுவின் ஆறாவது உறுப்பினராகவும் கணக்கிடப்பட்டு அதற்கும் ஒரு பங்கைப் பெற்றார். பாடாத, ஆடாத ஓர் உறுப்பினர்! 1998இல் பிரையன் லிட்ரெல் முதலில் வழக்குத் தொடுத்தார். பின்னர்ப் பிறரும் இணைந்தனர். 1993 முதல் பேர்ல்மனும் அவர்தம் நிறுவனமும் ஏறத்தாழ ஒரு கோடி டாலர் ஈட்டியிருக்க, ஐவருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஏறத்தாழ 3 லட்சம் டாலரே என்பது அவ்வழக்கில் கூறப்பட்டது. என்சிங்க் குழுவினரின் நிலையும் இதுவே. நாளொன்றுக்கு 35 டாலர் படியில் உலகம் சுற்றிய அவர்கள், பெருந்தொகையை எதிர்பார்த்துச் சென்ற விருந்தில் ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்கான காசோலையைப் பெற்றனர். அவர்கள் தொடர்பான வழக்கு 1999இன் இறுதியில் நீதிமன்றத்திற்கு வெளியே தீர்க்கப்பட்டது.

1998ஆம் ஆண்டைச் சற்று விரித்து நோக்குதல் தகும். பிரையன் பிறவியிலேயே இதயக் குறையுடையவர். அவருக்குரிய அறுவைச் சிகிச்சை இசைப்பயண நிரலுக்காக இருமுறை ஒத்திவைக்கப்பட்டு, அவ்வாண்டு மே மாதத்தில்தான் நடைபெற்றது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அவர் மீண்டும் மேடையேறினார். மேடையோரத்தில் உயிர்வளிக் கலன் வைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டில் ஹோவி தம் தமக்கையை லூபஸ் நோய்க்குப் பறிகொடுத்தார். மறு ஆண்டு மே மாதம் வெளிவந்த 'மில்லேனியம்' தொகுப்பு முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 11 லட்சத்திற்கும் மேல் விற்பனையானது. வழக்கமான வரலாறுகள் இவ்விற்பனை எண்ணைச் சிகரமாகக் காட்டும். அச்சிகரத்திற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஒரு நோயும் ஓர் இறப்பும் ஒரு வழக்கும் அடங்கியுள்ளன என்பதை அவை ஓரிரு தொடர்களில் கடந்துவிடும்.

மூன்று படங்கள்

ஸ்டீபன் கிஜாக் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஷோ எம் வாட் யூ ஆர் மேட் ஆஃப்' என்னும் படம், குழுவின் இருபதாம் ஆண்டையும் 2013இல் வெளிவந்த தொகுப்பின் உருவாக்கத்தையும் பின்புலமாகக் கொண்டது. ஐவரும் ஒருவர் மற்றவரின் சொந்த ஊருக்குச் சென்று காண்பதே இப்படத்தின் அமைப்பு. இவ்வமைப்பு சிறப்பானது. நினைவைத் தனியே பேசவிடாமல், அதனை உடன் உழைத்தவர் முன்னிலையில் பேசவைக்கிறது. கென்டக்கியில் தந்தையோடு வாழ்ந்த இடத்தில் கெவின் கலங்கி நிற்கும் காட்சியில், புகழுக்கு முந்தைய வாழ்வு அழகிய முன்னுரையாக இல்லாமல் ஆறாத இழப்பாகவே வெளிப்படுகிறது.

எனினும் இப்படத்தின் குறை வெளிப்படையானது. குழுவினரே தம் கதைக்கு உடைமையாளராகவும் இருப்பதனால், கணக்கு வழக்குகள் பற்றிய பேச்சு உணர்ச்சியில் கரைந்துவிடுகிறது. பேர்ல்மனின் கைவிடப்பட்ட மாளிகையினுள் அவர்கள் நடந்து செல்கின்றனர். அவர்மீது கொண்டிருந்த அன்பும் அவரால் நேர்ந்த வஞ்சனையும் அங்கே ஒருங்கே நினைவுகூரப்படுகின்றன. ஆனால் ஓர் ஒப்பந்தம் எவ்வாறு எழுதப்பட்டது, சிறுவர்களின் பெற்றோர் அதனை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்னும் வினாக்களை அக்காட்சி வற்புறுத்திக் கேட்பதில்லை.

அவ்வினாக்களுக்கு ஓரளவு விடை தருவது 2019இல் வெளிவந்த 'தி பாய் பேண்ட் கான்'. இதன் தயாரிப்பாளருள் ஒருவர் என்சிங்க் குழுவின் லான்ஸ் பாஸ். ஏமாற்றப்பட்டவரே கதை சொல்லியாவதன் வலிமையும் வரம்பும் இதில் ஒருசேரக் காணப்படுகின்றன. தாய்மார்களையும் பேசவைத்தமை இப்படத்தின் தனிச்சிறப்பு. பிள்ளையின் எதிர்காலத்தை நம்பிக் கையொப்பமிட்டவர் தாயெனின், புகழால் கெட்டான் என்று மகனைப் பழித்தல் எங்ஙனம் பொருந்தும்?

பேர்ல்மனின் முடிவு பலரும் அறிந்ததே. இருபதாண்டுகளுக்கும் மேலாக அவர் நடத்திய போலி முதலீட்டுத் திட்டத்தால் முப்பது கோடி டாலருக்கும் மேற்பட்ட பணம் மோசடி செய்யப்பட்டது. தலைமறைவான அவர் 2007 ஜூனில் இந்தோனேசியாவின் பாலித் தீவில் பிடிபட்டார். 2008இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மீட்டுத்தரும் ஒவ்வொரு பத்து லட்சம் டாலருக்கும் ஒரு மாதம் தண்டனை குறைக்கப்படும் என்று நீதிபதி அறிவித்தார். 2016இல் சிறைக்காவலிலேயே அவர் இறந்தார்.

2024இல் வெளிவந்த 'டர்ட்டி பாப்' என்னும் மூன்று பகுதித் தொடர் இவரை மீண்டும் பேசவைக்கிறது. 2003இல் அவர் வெளியிட்ட நூலின் சொற்களை, பழைய படக்காட்சியைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றியமைத்து, அவரே கூறுவதுபோல் காட்டுகிறது. இவ்வாறு செய்திருப்பதைப் படம் ஒளிக்கவில்லை. ஆயினும் இவ்வுத்தி ஏற்கத்தக்கதன்று. வணிக வெற்றிக்கு விதிகள் வகுத்துரைக்கும் அந்நூல் தற்புகழ்ச்சி நூல். எழுத்து வடிவில் அதனைப் படிப்போர் ஐயத்தோடு படிப்பர். முகமும் அசையும் வாயும் கிடைத்தவுடன் அது சாட்சியமாக மாறிவிடுகிறது. ஏமாற்றியவருக்கு ஒரு தொழில்நுட்பம் குரல் ஈகிறது. ஏமாந்தவருள் ஒருவரோ தம் குரலையே இழந்துகொண்டிருந்தார். அதனை அடுத்துக் காண்போம்.

புகழுக்குப் பின்

பின்வாழ்வு எல்லோர்க்கும் ஒன்றாக அமையவில்லை. லான்ஸ் பாஸ் 2002இல் மாஸ்கோவிற்கு அருகிலுள்ள விண்வெளிப் பயிற்சி நகரில் பயிற்சியை நிறைவு செய்தும், பொருளுதவி கிட்டாமையால் விண்கலத்தில் ஏறவில்லை. 2006இல் தாம் ஒருபாலீர்ப்பினர் என்பதை வெளிப்படையாக அறிவித்தார். குழுவின் வாய்ப்புகள் கெடும் என்று அஞ்சி அதுவரை மறைத்திருந்தார். இரசிகையரின் கற்பனைக் காதலனாக விளங்குவதும் ஓர் எழுதப்படாத ஒப்பந்தமே. கெவின் 2006இல் குழுவை நீங்கி 2012இல் திரும்பினார். ஏ.ஜே. 2001 முதல் போதைப் பழக்கத்திற்குச் சிகிச்சை பெற்றதை மறைக்காது பேசிவந்துள்ளார். வீழ்ச்சி பற்றிய பகுதியை இப்படங்கள் வேண்டிய அளவு சொல்லிவிட்டன. இங்கு விரிக்கத் தேவையில்லை.

கிஜாக்கின் படத்தில் நம்மைத் தடுத்து நிறுத்துவது பிரையனின் தொண்டைதான். குரல்தசை இறுக்கக் கோளாற்றால் அவர் விரும்பிய சுருதியில் குரல் எழவில்லை. மருத்துவரை நாடுகிறார்; பயிற்சி செய்கிறார்; பாட முயன்று தோற்கிறார். சிறுவயது முதல் அண்ணன் தம்பியர்போல் பழகிய நிக்கும் அவரும் படத்தில் கடுஞ்சொற்களால் மோதிக்கொள்கின்றனர். இயக்குநர் அப்பூசலை வெட்டி எறியாமல் விட்டமை பாராட்டத்தக்கது. படத்தின் பிற பகுதிகளில் வழக்கமான மீட்சிக் கதை நன்கு நடைபெறுகிறது. இங்கு மட்டும் அது நின்றுவிடுகிறது. பணத்தை வழக்காடிப் பெறலாம், பெயரை மீட்கலாம். இதயச் சிகிச்சையை ஒத்திவைத்துவிட்டுப் பாடிய ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பியளிக்க இயலாது.

அப்படத்திற்குப் பின் 2019இல் வெளிவந்த 'டிஎன்ஏ' தொகுப்பு, 2000த்திற்குப் பிறகு முதன்முறையாகக் குழுவை அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் அமர்த்தியது. 2025 ஜூலையில் லாஸ் வேகாஸ் நகரின் ஸ்பியர் அரங்கில், 'மில்லேனியம்' பாடல்களை முன்னிறுத்தி அவர்கள் மீண்டும் பாடினர். அப்போது பிரையனுக்கு 50 வயது, கெவினுக்கு 53. அரங்க விளம்பரத்தில் பெயர் மாறவில்லை: பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ்.