'காமினோ': வழிகாட்டும் நூலும் வினா எழுப்பும் மாணவனும்

சமய நூலொன்றை அதன் இறைக்கொள்கையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் நிறைவான திறனாய்வாகாது. அது யாரை நோக்கிப் பேசுகிறது, அவரிடம் எதனை வேண்டுகிறது என்பனவும் நோக்கற்பாலன. ஸ்பானியக் குருவானவர் ஹோசே மரியா எஸ்கிரிவா 1939இல் வெளியிட்ட 'காமினோ' (பாதை) என்னும் நூல் அத்தகைய ஆய்வுக்குரியது.

எஸ்கிரிவா 1928இல் மாட்ரிட் நகரில் தோற்றுவித்த 'ஓபுஸ் டேய்' (இறைவனின் பணி) என்னும் கத்தோலிக்க இயக்கம், தொடக்கத்திலேயே பல்கலைக்கழக மாணவரிடையே வேரூன்ற முயன்றது. 1933இல் அது நிறுவிய முதற் கல்விக்கூடம் சட்டமும் கட்டடக்கலையும் பயில்வோருக்குரியது. 'காமினோ'வின் 999 சிறு குறிப்புகளில் முன்னிலையாக விளிக்கப்படுபவனும் பெரும்பாலும் இத்தகைய இளைஞனே.

நூலின் சிறப்பு மறுக்கற்பாலதன்று. மடம் புகாமலே, அன்றாடத் தொழிலைச் செவ்வனே ஆற்றிப் புனிதமடையலாம் என்ற கருத்து, இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் அழைப்பை வலியுறுத்துவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இங்கு இடம்பெறுகிறது. கல்வியும் கடமையாக உயர்த்தப்படுகிறது. உரிமையோடு பேசும் சுருங்கிய வாக்கியங்கள் இளம் உள்ளத்தை எளிதிற் கவர்வன.

எனினும், 46 அதிகாரங்களுள் 'கல்வி'யோடு 'கீழ்ப்படிதல்', 'வாயடக்கம்', 'உத்தி', 'ஆள் சேர்த்தல்' என்பனவும் இடம்பெறுதல் தற்செயலன்று. கல்வி இங்கு உண்மையைத் தேடும் முயற்சி என்பதிலும், சமூகத்திற் செல்வாக்கைப் பெற்றுத்தரும் கருவியாகவே அழுத்தம் பெறுகிறது. மாணவன் அறிவுரையைக் கேட்கிறான்; எதிர்வினா எழுப்புவதற்கு அவனுக்கு இடமில்லை.

இக்கருவியின் பயன் வரலாற்றிற் புலப்பட்டது. 1957இல் பிராங்கோவின் அமைச்சரவையில் உல்லாஸ்த்ரெஸ், நவார்ரோ ரூபியோ ஆகிய உறுப்பினர் இருவர் வர்த்தகத்தையும் நிதியையும் பொறுப்பேற்றனர். ஆயினும், உறுப்பினரான கல்வோ செரேர் தலைமை தாங்கிய 'மாட்ரிட்' நாளேட்டை அதே ஆட்சி 1971இல் மூடியது. ஆகவே இயக்கத்தை அரசியற் கட்சியாகக் கொள்வது பொருந்தாது. வினா அரசியல் பற்றியதன்று. இளைஞனின் சுதந்திரம் பற்றியது.

அவ்வினாவைத் திருச்சபைக்குள்ளிருந்தே எழுப்பியவர் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் பசில் ஹியூம். 18 வயது நிறையாதோரிடம் நீண்டகால வாக்குறுதி பெறலாகாது. சேர விரும்பும் இளையோர் அதுபற்றிப் பெற்றோருடன் கலந்துபேச வேண்டும். சேரவும் விலகவும் சுதந்திரம் வேண்டும். இயக்கத்தின் முயற்சிகள் அதன் பெயரை வெளிப்படையாகத் தாங்க வேண்டும் என 1981இல் அவர் தம் மறைமாவட்டத்திற்கு நெறி வகுத்தார்.

'காமினோ' உழைக்கக் கற்பிக்கிறது; ஐயுறக் கற்பிக்கவில்லை. ஐயத்திற்கு இடமளியாத வழிகாட்டல் எத்துணைத் தூயதாயினும், பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் பண்புக்கு அது புறம்பானதே.