கிருஷ்ணபிள்ளையின் ‘சத்தாய் நிஷ்களமாய்’ பாடலில் வியப்பும் மறைபொருளும்

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இசைப்பாக்களில் இறைமறைபொருள் எவ்வாறு சொல்லாகிறது என்பது தனித்து ஆராயத்தக்கது. விவிலியத் தமிழில் ஒரே கருத்தைப் பழைய மொழிபெயர்ப்பு ‘இரகசியம்’ என்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘மறைபொருள்’ என்றும் குறிக்கின்றன. முன்னது பிறர் அறியாமல் காக்கப்படுவது. பின்னது வெளிப்பட்ட பின்னும் அளவிடப்படாது நிற்பது. இவ்வேறுபாட்டை அடியாகக் கொண்டு, எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையின் (1827-1900) ‘சத்தாய் நிஷ்களமாய்’ என்னும் பாடலின் சொல்லாட்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்களின் பின்புலம்

நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை 1858இல் கிறித்தவம் தழுவினார். ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) என்னும் காப்பியத்தின் இடையே ‘தேவாரம்’ என்னும் பெயரிலேயே இசைப்பாக்களை அமைத்தவர் அவர். எடுத்துக்கொண்ட பாடலின் தொடக்கத்தில் சத்து, சித்து, ஆனந்தம் என்னும் மூன்றும் திரித்துவத்தின்மேல் ஏற்றப்படுகின்றன. வங்கத்தில் கேசவ சந்திர சென் 1882இல் திரித்துவத்தைச் சச்சிதானந்தமாக விளக்கினார்; பிரம்மபாந்தவ உபாத்தியாயர் 1898இல் அக்கருத்தை வடமொழித் துதிப்பாடலாக்கினார். அங்கு விளக்கமாக வளர்ந்த கருத்து, கிருஷ்ணபிள்ளையிடம் விளியாக அமைகிறது. விளக்கம் கேட்போரை நோக்குவது. விளி இறைவனை நோக்குவது. திரித்துவம் எவ்வாறு பொருந்தும் என்று பாடல் நிறுவ முயலவில்லை.

நிட்களம் உருவாதல்

சைவ சித்தாந்தத்தில் நிட்களம் என்பது இறைவனின் அருவ நிலை. சகளம் உருவ நிலை. உறுப்பும் வடிவும் அற்றதாக, ஒப்புமை இல்லாததாகச் சுட்டப்பட்ட பரம்பொருளே, அடுத்த பகுதியில் அடியாரின் உயிருக்காக உருகித் தன் உயிரைத் தருகிறது. அருவமானது உயிர்விடுவது எவ்வாறு? பாடல் இதற்கு விடை கூறாமல், இதற்குக் கைம்மாறு உண்டோ என்று வினவுகிறது. பின்னர்ப் பிறவிக் கடலில் மூழ்கியோர்க்குப் புணையாகும் உருவகம் வருகிறது. கடலும் புணையும் தமிழ்ப் பக்தி மரபில் பழகியவை. நிட்களத்தின் பின்னே வரும்போது அப்பழகிய பொருள்களே வியப்பிற்குரியனவாகின்றன. ‘அதிசயம்’ என்று பெயரிட்டுக் கூறுவதைவிட, ஒன்றோடொன்று பொருந்தாச் சொற்களை அடுத்தடுத்து நிறுத்துவதே இங்கு வியப்பைப் பிறப்பிக்கிறது.

வினாவின் பணி

இறைவனையன்றித் துணையும் உறவும் எவர் என்னும் வினா, பாடலில் மீண்டும் மீண்டும் வருகிறது. சுந்தரரின் திருமழபாடிப் பதிகத்தில் இறுதிப் பாட்டு நீங்கலான பாட்டுகள் வினாவில் முடிவதை இது நினைவூட்டுகிறது. ‘நாயடியேன்’ என்னும் தற்சுட்டு திருவாசக மரபினது. தத்துவச் சொல்லில் தொடங்கும் பாடல் உறவுச் சொல்லில் முடிவதால், அறிவுக்கு எட்டாதது அன்புக்கு அணுக்கமாகிறது. எனினும் அதன் எட்டாமை நீங்குவதில்லை.

இரவல் சொற்களா?

இச்சொற்களைச் சமயம் பரப்பும் பொருட்டுப் பூண்ட புற ஆடையாகக் கருதவும் இடமுண்டு. ஆடையாயின், அதைக் களைந்து எளிய சொல் பெய்தாலும் பொருள் குறையலாகாது. ‘நிஷ்களம்’ இருந்த இடத்தில் ‘தூய்மை’ என்று வைத்தால் அருவம், உருவம் என்னும் முரண் மறைகிறது. அதனோடு வியப்பும் மறைகிறது. ஆகவே அச்சொல் பொருளின் உறுப்பாகும்.

முடிவுரை

இன்று இப்பாடலைப் பாடுவோர் பலருக்கு ‘நிஷ்களம்’ பொருள் விளங்காச் சொல்லாகியிருக்கக்கூடும். சொல் விளங்காமையால் தோன்றும் மருட்சி வேறு. சொல் விளங்கிய பின்னும் பொருள் அளவிறந்து நிற்பதால் தோன்றும் வியப்பு வேறு. கிருஷ்ணபிள்ளை நாடியது பின்னதையே. இவ்வகைப் பாடல்களுக்கு உரை எழுதுவோர் சித்தாந்தச் சொற்களுக்கு நேர்ப்பொருள் தருவதோடு நில்லாது, அவற்றின் முன்னை மரபையும் புதிய இடத்தையும் ஒருங்கே காட்டுதல் வேண்டும். அத்தகைய உரை மறைபொருளைக் குறைக்காது. அது எங்கு இருக்கிறது என்பதைத் தெளிவாக்கும்.