இரவல் விமானம், இரவல் விமானி

2025 ஜூன் 14 அன்று, தாய்க்கப்பலுக்குத் திரும்ப முடியாமல் பிரிட்டனின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் இறங்கியது. பிறகு ஹைட்ராலிக் கோளாறு. கப்பலிலிருந்து வந்த பொறியாளர்களால் சரிசெய்ய முடியவில்லை. பிரிட்டனிலிருந்து தனிக்குழு வந்து வேலை பார்த்தபின், ஜூலை 22-ல்தான் கிளம்பியது. பழுது நீக்கத் தெரிந்த கை இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த விமானமும் தரையில்தான் கிடக்கும்.

பணக்கார நாட்டுக்கே இந்தப் பாடு. இதே நகரிலிருந்து சுமார் 600 கி.மீ. தள்ளியிருக்கும் மாலத்தீவு என்ன செய்யும்? தனி விமானப்படை வைத்துக்கொள்ள அதற்கு வசதியில்லை. 2010 தொடங்கி இந்தியா இரண்டு துருவ் ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் கொடுத்தது. ஓட்டவும் பராமரிக்கவும் ஆட்களையும் அனுப்பியது.

இந்த ஏற்பாட்டின் பலனைக் குறைத்துச் சொல்லக்கூடாது. தொலைதூரத் தீவில் மாரடைப்பு வந்தவரைத் தலைநகர் மாலேவுக்குக் கொண்டுசேர்க்க, அந்நாட்டு அரசு கஜானாவைக் காலிசெய்ய வேண்டியிருக்கவில்லை. உதிரிபாகக் கவலையும் இல்லை. நூற்றுக்கணக்கான நோயாளிகள் இப்படிப் பறந்திருக்கிறார்கள்.

குறை வேறிடத்தில். இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்று சொல்லி 2023-ல் முய்சு அதிபரானார். 2024 மே 10-க்குள் 76 பேர் கிளம்பினர். உடனே பாதுகாப்பு அமைச்சர் கசான் மௌமூன் ஓர் உண்மையைச் சொன்னார்: இந்த மூன்றையும் ஓட்டும் தகுதி பெற்றவர் தங்கள் படையில் ஒருவர்கூட இல்லை, பயிற்சியைத் தொடங்கியவர்கள் முடிக்கவில்லை. சீருடைக்காரர்களின் இடத்தில் அதற்குள் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் சிவிலியன் ஊழியர்கள் வந்திருந்தார்கள். உடை மாறியது, சார்பு மாறவில்லை.

இத்தனைக்கும் உலகின் மிகப்பெரிய கடல்விமான நிறுவனங்களில் ஒன்று மாலத்தீவில்தான் இயங்குகிறது. சுற்றுலாப் பயணிகளைத் தீவு தீவாகக் கொண்டுசெல்லும் உள்ளூர் விமானிகள் இருக்கிறார்கள், படையில்தான் அப்போது இல்லை. கேட்காமலே ஆள் கிடைத்ததால் சொந்த ஆளைத் தயார்செய்யும் அவசரம் மாலேவுக்கு இல்லை. தன் ஆட்கள் அங்கே இருப்பதில் டெல்லிக்கும் ஆதாயம் இருந்தது.

இலங்கை சற்றே வேறு வழியில் போனது. 2022 ஆகஸ்டில் இந்தியா கொடுத்த டோர்னியர் கட்டுநாயக்காவுக்கு வருமுன்பே இலங்கை விமானிகளும் தொழில்நுட்பர்களும் இந்தியாவில் பயிற்சி முடித்திருந்தார்கள். ஆனாலும் ஓராண்டில் கட்டாயப் பராமரிப்புக்காக அது இந்தியா திரும்பியது. பதிலுக்கு இன்னொன்று வந்தது. ஓட்டும் கை சொந்தமானது. பழுதுபார்க்கும் பட்டறை இன்னும் இரவல்தான்.

ஆக, சிறிய நாடு விமானத்தை இரவல் வாங்குவதில் தவறில்லை, அது சிக்கனம். ஆளையும் கெடுவின்றி இரவல் வாங்குவதுதான் தவறு. எத்தனை விமானிகள், எத்தனை தொழில்நுட்பர்கள், எந்த ஆண்டுக்குள் தகுதி பெறுவார்கள் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் அதிகச் சம்பளத்துக்குத் தனியாரிடம் போய்விடாமலிருக்கக் கட்டாயப் பணிக்காலமும் நல்ல ஊதியமும் வேண்டும். மிச்சம்பிடித்த விமான விலையில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்காத அரசு, அடுத்த ஆட்சி மாற்றத்தில் மறுபடியும் அண்டை நாட்டைத்தான் கூப்பிடும்.