கட்டத்துக்கு எதுக்கு மேக்கப்?

போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மண்டபத்துக்கு வழி சொல்ல க்யூஆர் கோடு. க்ரீம் தாளில் தங்கக் கட்டங்கள், நடுவே பெரிதாக மணமக்கள் படம். பார்க்க ஜோர்தான். என் போனோ, ம்ஹூம்!

1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹராவின் குழு இதை உருவாக்கியது, தொழிற்சாலை உதிரிபாகங்களுக்காக. எண்ணெய்க் கறை பட்டாலும் படிக்கணுமே! அதனால், உச்சபட்ச திருத்த வசதி வைத்தால் சுமார் 30 சதவிகிதம் சேதத்தைக்கூடத் தாங்கும். பி.காம். பாஷையில் அது ரிசர்வ் ஃபண்ட். அழுக்குக்காக வைத்ததை அலங்காரத்துக்கே செலவழித்தால் எப்படி?

மூன்று மூலைச் சதுரங்களைத் தொடாதீர்கள். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விடுங்கள். கட்டங்கள் அடர்நிறமாகவே இருக்கட்டும். அச்சுக்குப் போகுமுன் நாலு போனில் சோதியுங்கள்.

இல்லையேல் மொய் உங்களுக்குத்தாங்க நஷ்டம்!