உளேமும் உளாமும்: இன்டி ராக் இசைக் காணொளிகளில் கூற்றும் கேட்போரும்

தமிழிலக்கண நூலார் தன்மைப் பன்மையை ஒரு தன்மைத்தாகக் கொண்டாரல்லர். பேசுவோன் தன்னொடு முன்னிற்போரையும் சேர்த்துக்கொள்ளும் பன்மை ஒன்று. முன்னிற்போரை நீக்கி, அங்கில்லாத பிறரைச் சேர்த்துக்கொள்ளும் பன்மை மற்றொன்று. அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னதற்கும், எம், ஏம், ஓம் என்பன பின்னதற்கும் உரியன என்பர் நன்னூலார். இன்றைய வழக்கில் 'நாம்', 'நாங்கள்' என்னும் சொற்கள் இவ்வேறுபாட்டைக் காத்து வருகின்றன. ஆங்கிலத்தில் இதனைக் காட்டும் தனிவடிவம் இல்லை.

கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரத்து இசைக்குழுவாகிய ஆர்கேட் ஃபயர் 2013-இல் வெளியிட்ட 'ரிஃப்ளெக்டர்' என்னும் தொகுப்பில் 'வி எக்ஸிஸ்ட்' என்றொரு பாட்டு உண்டு. அத்தலைப்பைத் தமிழாக்க முனைவார் முதலடியிலேயே தயங்கி நிற்பர். 'உளேம்' என்பதா, 'உளாம்' என்பதா? கேட்போனை விலக்கி, 'நீ ஏற்பினும் ஏலாவிடினும் நாங்கள் இருக்கின்றோம்' என்பது பொருளா? கேட்போனையும் தழுவி, 'நாமெல்லாம் இருக்கின்றோம்' என்பது பொருளா? இது மொழிபெயர்ப்பாளர்க்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று. 2014-இல் இப்பாட்டிற்கு அமைந்த காணொளியும் அதன்மேல் எழுந்த எதிர்ப்பும் இவ்வினாவையே சுற்றி நின்றன. இன்டி ராக் காணொளிகளில் கதை சொல்லப்படும் முறை, ஒருவர்பொருட்டு மற்றொருவர் தோன்றிநிற்கும் முறை, வகைப்பாடு ஆகிய மூன்றனையும் ஆராய இதுவே தக்க வாயில் என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

காணொளியும் துறைக்குறிப்பும்

இசைக் காணொளி என்பது முன்னரே முற்றுப்பெற்ற பாட்டிற்குப் பின்னர் இயற்றப்படும் காட்சி. பாட்டு அதற்காகத் தோன்றியதன்று. அதுவோ பாட்டின்றி நில்லாது. இவ்வுறவிற்கு ஒத்த ஒன்று நம் இலக்கியத்தில் உண்டு. சங்க அகப்பாடல்களின் அடியில் 'இன்னார், இன்னார்க்கு, இன்ன நிலையில் கூறியது' என்று காணப்படும் துறைக்குறிப்பே அது. அக்குறிப்புகள் பாடினோர் எழுதியவை அல்ல, பின்னோர் வகுத்தவை என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. பாட்டில் ஒரு சொல்லும் மாறாதிருக்க, குறிப்பு மாறின் பொருள் மாறும். ஒரு செய்யுளையே ஒருவர் தலைவி கூற்றாகவும் மற்றொருவர் தோழி கூற்றாகவும் கொள்ளும் இடங்களைப் பயில்வோர் நன்கறிவர்.

காணொளியும் இத்தகையதே. பாட்டில் 'நான்' என்றும் 'நாம்' என்றும் ஒலிக்கும் குரல் யாருடையது, யாரை நோக்கியது, எவ்விடத்து எழுந்தது என்பவற்றை அது முடிவு செய்கின்றது. தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் என்பவற்றைத் தனித்தனியே எண்ணியதோடு அமையாது, இம்மொழி இன்னார்க்கு உரியது என உணரவைக்கும் 'முன்னம்' என்பதையும் ஓர் உறுப்பாக வைத்தார். இன்டி ராக் காணொளியாளர் இவற்றை அறிந்து இயற்றினர் என்பது நம் கருத்தன்று. அவர்தம் படைப்பை அளக்க இவை தக்க கருவிகளாம் என்பதே கருத்து.

இவ்வடிவம் பற்றி ஆங்கிலத்தில் எழுதியோருள் ஆண்ட்ரூ குட்வின் குறிப்பிடத்தக்கவர். 1992-இல் வெளிவந்த தம் நூலில், காட்சி பாட்டை விளக்குதல், பெருக்குதல், அதனோடு முரணுதல் என அவர் மூன்று உறவுகளைப் பகுத்தார். 2004-இல் நூலெழுதிய கேரல் வெர்னாலிஸ், இசைக் காணொளி முழுமையான கதையாவது அரிது என்பதை விரிவாக ஆராய்ந்தார். இவை பயனுள்ள பகுப்புகளே. எனினும், பாட்டிற்கும் காட்சிக்கும் உள்ள உறவை இவை நன்கு விளக்கினும், பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் உள்ள உறவை அந்த அளவிற்கு விளக்கவில்லை. இன்டி ராக்கிற்கோ பின்னதே உயிர்நிலை.

வகையும் அதன் மறுப்பும்

'இன்டி' என்னும் பெயர், பெருநிறுவனங்களைச் சாராத சிறிய இசைத்தட்டு நிறுவனங்களைக் குறித்து எழுந்தது. அப்பெயர் நாளடைவில் ஒரு மனநிலையையும் குறிப்பதாயிற்று. 'பெருவழக்கிற்குப் புறத்தே நிற்கும் சிலர் நாங்கள்' என்பது அம்மனநிலை. ஆகவே இவ்வகை பிறப்பிலேயே 'ஏம்' ஈற்றுத் தன்மைப் பன்மையை உடையது எனலாம். ஆனால் காணொளியோ பெருவழக்கின் கருவி. 1981 ஆகஸ்ட் 1-இல் எம்டிவி ஒளிபரப்பைத் தொடங்கியபின், காணொளியின்றிப் பாட்டு பரவுதல் அரிதாயிற்று. விலகி நிற்போர் எல்லாரையும் விளிக்கும் கருவியைக் கையாள நேர்ந்தமையால் எழுந்த முரணே இன்டி காணொளியின் தோற்றுவாய்.

மினியாபோலிஸ் நகரத்துக் குழுவாகிய தி ரிப்ளேஸ்மென்ட்ஸ் இம்முரணை வெளிப்படையாகவே காட்டிற்று. அக்குழு 1985-இல், வார்னர் நிறுவனத்தைச் சார்ந்த சயர் வாயிலாக, 'டிம்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. பெருநிறுவனத்தின் எல்லைக்குள் அப்போதே புகுந்துவிட்டது என்பது பொருள். அத்தொகுப்பின் 'பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்' என்னும் பாட்டிற்கு அமைந்த கறுப்பு வெள்ளைக் காணொளியில் குழுவினர் தோன்றுவதில்லை. ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி திரையை நிறைக்கின்றது. படக்கருவி மெல்லப் பின்வாங்க, அறையில் அமர்ந்து புகைபிடித்தபடி பாட்டுக் கேட்கும் ஒருவர் தென்படுகின்றார். இறுதியில் அவர் எழுந்து அப்பெட்டியை உதைத்துவிட்டு அகல்கின்றார். காட்சி அவ்வளவே.

இதனை வெறும் மறுப்பென்று கூறுவோர் உளர். அது குறைபட்ட கருத்து. அப்பாட்டின் பல்லவி தன்மைப் பன்மையில் அமைந்தது; உரிமையற்றுப் பிறந்த ஒரு தலைமுறையின் கூற்று அது. பாடுவோர் மறைந்து கேட்போர் ஒருவரே காட்சிப்பட்டமையால், கூற்று கேட்போரிடமே சேர்ந்துவிடுகின்றது. காணுகின்ற நாமும் அவ்வாறே ஒரு பெட்டியின் முன் அமர்ந்திருக்கின்றோம். விலக்கத் தொடங்கிய பன்மை தழுவும் பன்மையாக முடிகின்றது. அவ்வொற்றுமையும் நிலைத்ததன்று என்பதை இறுதி உதை உணர்த்துகின்றது. நிகழ்த்துகை, கதை, கருத்து என்று காணொளிகளை மூன்றாகப் பகுக்கும் வழக்கில் இதனை எங்கு வைப்பது? எதனுள்ளும் முற்ற அடங்காது. வகை என்பது காட்சிப்பொருளால் மட்டும் அமைவதன்று என்பது இதனால் பெறப்படும்.

கதையும் மீளும் பல்லவியும்

கதை முன்னோக்கிச் செல்வது. பல்லவி மீண்டு வருவது. இவ்விரண்டும் பொருந்துதல் எளிதன்று. ஆர்கேட் ஃபயரின் 'தி சபர்ப்ஸ்' என்னும் பாட்டிற்கு 2010-இல் ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கிய காணொளி இதற்குச் சிறந்த சான்று. புறநகரில் வளர்ந்த இளமையை நினைந்து இரங்கும் பாட்டு அது. காணொளியோ மிதிவண்டியில் திரியும் நண்பர் சிலரைக் காட்டி, அவர்தம் தெருக்களில் படைவீரர் புகுதலையும், இறுதியில் நண்பனை நண்பனே அடித்து வீழ்த்துதலையும் காட்டுகின்றது. போர் யாரோடு, எதன்பொருட்டு என்பன சொல்லப்படவில்லை. அக்கதையை ஏறத்தாழ அரைமணி நேரக் குறும்படமாக விரித்து ஜோன்ஸ் 2011-இல் வெளியிட்டார். இரண்டையும் ஒப்பிட்டுக் காண்போர், காணொளியில் நிகழ்ச்சிகளின் காரணத் தொடர்பு வேண்டுமென்றே நீக்கப்பட்டமையை உணர்வர். பல்லவி மீளுந்தோறும் நினைவு மீளுகின்றது. நினைவிற்குக் காரண வரிசை வேண்டுவதில்லை.

ஈண்டு மற்றொன்றும் நோக்கத்தக்கது. இதில் முதன்மையாகத் தோன்றுவோர் புகழ்பெறாத இளைஞர். அவர்க்குக் காணொளியில் பெயரும் விளங்குவதில்லை. ஆதலின் அவருடைய புறநகர் காண்போர் எவருடைய ஊராகவும் ஆகத்தக்கது. அகத்திணையில் ஒருவர் பெயர் சுட்டப்படலாகாது என்று தொல்காப்பியர் விதித்ததன் பயனும் இதுவே. பெயரின்மையால் உணர்ச்சி பொதுவாகின்றது.

முகமும் ஒரு பெயரே

இனி 'வி எக்ஸிஸ்ட்' காணொளியை நோக்குவோம். ஓர் இளைஞன் தன் பால்விருப்பத்தைப் பற்றித் தந்தையிடம் பேசும் பேச்சாகவே இப்பாட்டு அமைந்தது என்று பாடகர் வின் பட்லர் விளக்கியுள்ளார். எனவே கூற்று மகனுடையது, கேட்போன் தந்தை, களன் இல்லம். டேவிட் வில்சன் இயக்கிய காணொளி இம்மூன்றனையும் மாற்றியது. தலையை மழித்து, பொய்முடியணிந்து, பெண்ணாக ஒப்பனை செய்துகொள்ளும் ஒருவர் மதுக்கடை ஒன்றிற்குச் செல்கின்றார். ஆங்கு ஆடவரால் துன்புறுத்தப்படுகின்றார். கனவு போன்றதோர் ஆடலின் வழியே வெளியேறி, கலிபோர்னியாவில் நிகழ்ந்த கோச்செல்லா இசைவிழா மேடையில் குழுவினரோடு நிற்கின்றார். தந்தை எங்கும் இல்லை. கேட்போர் முதலில் பகைவராகவும் பின்னர் ஆரவாரிக்கும் பெருங்கூட்டமாகவும் மாறிவிட்டனர். இல்லத்து 'உளேம்' விழாக்களத்து 'உளாம்' ஆயிற்று.

அப்பாத்திரமாக நடித்தவர், 'ஸ்பைடர்மேன்' படங்களால் உலகறிந்த ஆண்ட்ரூ கார்ஃபீல்ட். அதன்மேல் எதிர்ப்பு எழுந்தது. 'அகெயின்ஸ்ட் மீ!' குழுவின் பாடகரும், தாம் திருநங்கை என்பதை 2012-இல் உலகறிய உரைத்தவருமான லாரா ஜேன் கிரேஸ், இத்தகைய தலைப்புடைய பாட்டிற்குத் திருநங்கையர் ஒருவரையே நடிக்கச் செய்திருக்கலாமே என்று கடிந்தார். 'இருக்கின்றோம்' என்று முழங்கும் படத்தில் இருப்போர் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். பெரும்புகழ் வாய்ந்த நடிகர் ஒருவர் அவ்வுருவில் தோன்றுதல், தொலைவிடத்தே தனித்து வாடும் இளைஞர்க்கு ஊக்கம் தரும் என்பது பட்லரின் மறுமொழி.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. 'அவரவரே அவரவரைப் பற்றிப் பேசுக' என்பதைப் பொதுவிதியாகக் கொள்ளின், தலைவி கூற்றாகக் கபிலர் பாடியவற்றை நாம் இழக்க நேரும். ஆண்பாற் புலவர் பெண்குரலில் பாடியது நம் மரபில் குற்றமாகவில்லை. ஆனால் அம்மரபு அதற்கு ஒரு விலையும் வாங்கிற்று. பாட்டிற்குள் புலவன் தன் பெயரையும் புகழையும் கொணர்தல் ஆகாது. தலைவியின் குரலே கேட்க, அவன் மறைதல் வேண்டும். நெடுநல்வாடையில் பிரிந்த தலைவியின் துயரம் அகத்தின் இயல்பினதாயினும், வேப்பந்தழை என்னும் ஓர் அடையாளம் பாண்டியனைச் சுட்டியமையின் அது புறமாயிற்று என்பர் நச்சினார்க்கினியர். ஒரு தழையே அத்துணை ஆற்றலுடையதாயின், உலகறிந்த நடிகரின் முகம் என் செய்யாது? முகமும் ஒரு பெயரே. கார்ஃபீல்டின் முகம் திரையில் தோன்றிய அளவில், பெயரற்ற ஒருவரின் அகத்துயர் பெயருடைய ஒருவரின் நடிப்பாற்றலாக மாறிவிடுகின்றது.

ஆகவே இக்காணொளியைப் புறமாகக் கொண்டு, பொதுமன்றத்து அறிவிப்பாக மதிப்பிடின், பட்லரின் மறுமொழி நிற்கும். தந்தை முன் நிற்கும் மகனின் குரலாக, அகமாகக் கொள்ளின், நிற்காது. பாட்டு அகம், குறிப்பு புறம். இப்பொருந்தாமையே குறை. கிரேஸ் சுட்டியது நடிகர் தேர்வை மட்டுமன்று. யாரை 'உளாம்' என்று தழுவுவதாகப் படம் சொல்லிற்றோ, அவருள் ஒருவர் 'யான் அதனுள் இல்லை' என்று எழுந்து கூறினார். உளப்படுத்தப்பட்டோர் உடன்படாத விடத்து, உளப்பாட்டுப் பன்மை பொருளிழக்கும்.

தம் முகத்தோடு நின்றோர்

2016-இல் வெளிவந்த இரு காணொளிகள் வேறு வழி கண்டன. ஜப்பானியத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்த மிட்ஸ்கி, 'யுவர் பெஸ்ட் அமெரிக்கன் கேர்ள்' என்னும் பாட்டின் காணொளியில் தாமே தோன்றுகின்றார். இயக்கியவர் ஸியா ஆங்கர். மிட்ஸ்கியும் வெள்ளையின இளைஞர் ஒருவரும் ஒருவரையொருவர் நோக்குகின்றனர். பின்னர் வெள்ளையினப் பெண்ணொருத்தி வர, அவ்விருவரும் ஒன்றாகின்றனர். மிட்ஸ்கி தம் கையையே முத்தமிட்டு, பின் கிதாரை எடுத்து வாசிக்கின்றார். இங்கும் முகம் பெயரே. ஆனால் கூற்றிற்குரியவரும் முகத்திற்குரியவரும் ஒருவரே. 'உளேம்' என்பதுகூட இல்லை. 'உளேன்' என்னும் ஒருமையே உளது. எவர் சார்பாகவும் பேசாமையே அதன் வலிமை.

ஜாப்பனீஸ் பிரேக்ஃபாஸ்ட் என்னும் பெயரில் பாடும் மிஷெல் சாவ்னர், 'எவ்ரிபடி வாண்ட்ஸ் டு லவ் யூ' என்னும் பாட்டின் காணொளியை ஆடம் கொலட்னியோடு சேர்ந்து இயக்கினார். 2014-இல் மறைந்த தம் தாயின் கொரிய மரபுடையாகிய ஹன்பொக்கை அணிந்து, அமெரிக்க ஊரொன்றின் இரவில் குடித்தும் புகைத்தும் அவர் திரிகின்றார். பாட்டோ விளையாட்டான காதற்பாட்டு. தாயைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. உடையாகிய குறிப்பு ஒன்றே அங்கில்லாத தாயைக் கூற்றினுள் சேர்க்கின்றது. படர்க்கையாரைத் தன்னொடு படுக்கும் 'ஏம்' ஈற்றின் செயல் இதுவன்றோ? மறைந்தாரையும் கூட்டி 'உளேம்' என்று கூறும் இக்காணொளி, பாட்டின் பொருளைத் திரிக்காமலே ஆழப்படுத்துகின்றது. துறைக்குறிப்பு பாட்டிற்குச் செய்யத்தக்க உதவி இதனின் மேலானது இல்லை.

இதுகாறும் கூறியவற்றால், இன்டி ராக் காணொளியின் வகைமை அதன் காட்சிப்பொருளிலோ, செலவின் சிறுமையிலோ, நிறுவனத்தின் பெயரிலோ அமைவதன்று. கூற்றிற்கும் கேட்போர்க்கும் இடையே தன்மைப் பன்மை எவ்வாறு இயங்குகின்றது என்பதில் அமைவது என்பது பெறப்படும். காணொளி ஒன்றை மதிப்பிடுவார், 'யார் நடித்தார்?' என்று வினவுமுன், 'இங்குக் கூறப்படும் நாம் என்பதனுள் அடங்குவோர் யாவர்? அவர் அதற்கு இசைந்தனரா?' என்று வினவுதல் வேண்டும். இவ்வேறுபாட்டை வினைமுற்றின் ஈற்றிலேயே வைத்திருக்கும் மொழியைப் பயில்வோர் நாம். பிறமொழிக் கலைகளை ஆராயப் புகும் மாணாக்கர்க்கு அவ்வறிவு தடையன்று, துணையாம்.